மாடி எழுப்புமுன்

தை பிறந்து அறுவடையும் முடிந்துவிட்டால் குடவாசலில் கொத்தனார் அகப்படுவது துர்லபம். நெல் விற்ற பணம் கையில் இருக்கும்போதே ஓர் அறையாவது சேர்த்துவிட வேண்டுமென்று குடித்தனக்காரர் துடிக்கின்றனர். பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கும். பின்கட்டில் தளம் போட்டு மாடி எழுப்பினாலன்றி இடம் போதாது. நியாயமான ஆசைதான். ஆனால், "நம் மனையில் நாம் கட்டுவதற்கு எவரிடம் உத்தரவு கேட்பது?" என்றும் சிலர் கேட்கின்றனர். அதையே இவ்வாரம் விசாரிக்கப் புகுந்தோம்.

அன்னியர் ஆண்ட காலத்தில், 1920-ஆம் வருஷத்தில், சென்னை மாகாணத்திற்கு நகர நிர்மாணச் சட்டமும் ஜில்லா முனிசிபாலிடிகள் சட்டமும் ஏற்பட்டன. அவற்றை வெள்ளைக்காரனின் தொல்லை என்று ஒருவர் தள்ளியிருந்தால் அதற்கு ஏதோ ஒரு சமாதானம் உண்டு. இன்று அது செல்லாது. 1971-இல் நமது சட்டசபையே நகர் ஊரமைப்புச் சட்டத்தை இயற்றிற்று. 2019 பிப்ரவரியில் வெளியான ஒருங்கிணைந்த கட்டட விதிகள் சென்னைப் பட்டணத்திற்கும் நமது பேரூராட்சிக்கும் பொதுவானவை.

அவ்விதிகள் எல்லா வேலைக்கும் மனுப்போடச் சொல்லவில்லை. வெள்ளையடிப்பது, சுவர்ப்பூச்சைப் புதுப்பிப்பது, ஓடு மாற்றுவது, தரைக்குக் கல் பதிப்பது, உள்ளே தடுப்பு வைப்பது முதலியவற்றுக்கு அனுமதி வேண்டுவதில்லை. புதிதாக ஓர் அறை, கொல்லைப் பக்கம் ஒரு கட்டு, மேலே ஒரு மாடி என்று கட்டடம் வளருமானால் அனுமதி அவசியம். சாதாரண வீட்டுக்கு, தளங்களின் மொத்தப் பரப்பு மனைப்பரப்பின் இரு மடங்குக்கு மேற்படலாகாது. தெருப்பக்கமும் பக்கவாட்டிலும் விதித்த அளவு இடம் விடவேண்டும்.

2024 ஜூலையில் சர்க்கார் ஒரு நல்ல காரியம் செய்தது. 2,500 சதுர அடிக்கு மேற்படாத மனையில், 3,500 சதுர அடிக்கு மேற்படாமல், தரைத்தளமோ அதன்மேல் ஒரு மாடியோ கொண்ட வீடு கட்டுவோர், தாமே சுயசான்று அளித்துக் கணினி வழியாக உடனே அனுமதி பெறலாம். முன்கூட்டி அதிகாரி வந்து பார்க்க வேண்டியதில்லை. குடிகளின் வாக்கை நம்பும் இம்முறையை மனமார வரவேற்கிறோம்; சுயராஜ்யத்திற்கு இதுவே அழகு. பழைய வீட்டின்மேல் மாடி எழுப்புவோர் மட்டும், தம் வேலை இத்திட்டத்தில் அடங்குமா, வழக்கமான மனுவே வேண்டுமா என்று பேரூராட்சி அலுவலகத்தில் முதலில் கேட்டறிவது உத்தமம்.

நமது பக்கத்தில் மனுவுக்குப் பெரிய முட்டுக்கட்டை வரைபடமன்று, பட்டா. தாத்தா காலமாகி முப்பது வருஷமாகியும் பட்டா அவர் பெயரிலேயே நிற்கும். பிள்ளைகள் மூவரும் வாய்ப்பேச்சாகப் பாகம் பிரித்துக்கொண்டு, ஒருவர் முன்கட்டிலும் மற்றவர் பின்கட்டிலும் குடியிருப்பர். மூன்றாமவர் திருப்பூரிலோ சிங்கப்பூரிலோ இருப்பார். மாடிக்கு மனுப்போடும் அன்றுதான் அவருடைய கையெழுத்தின் மதிப்பு எல்லாருக்கும் தெரியவரும்! செங்கல் வாங்குமுன் பாகப்பத்திரத்தைப் பதிந்து பட்டாவை மாற்றிக்கொள்ளுங்கள்.

அனுமதி கைக்கு வந்துவிட்டால் அண்டை வீட்டார் வாய் திறக்கலாகாது என்ற எண்ணம் வெகுவாகப் பரவியிருக்கிறது. இது முற்றிலும் பிசகு. வக்கீல்கள் ஈஸ்மெண்ட் சட்டம் என்று வழங்கும் 1882-ஆம் வருஷத்துச் சட்டம் இன்றும் உயிரோடிருக்கிறது. ஒரு கட்டடம் 20 வருஷம் தடையின்றி, உரிமையாக அனுபவித்து வந்த வெளிச்சத்தையும் காற்றையும் அடுத்த மனைக்காரர் கணிசமாக அடைத்தால், அவர்மீது வழக்குத் தொடரலாம். பேரூராட்சி கொடுக்கும் சீட்டு இந்த உரிமையை அழிப்பதில்லை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம் என்று அமைந்த நமது பழைய வீடுகளில் இரு வீட்டாருக்கும் பல இடங்களில் சுவர் ஒன்றே. வெளிச்சம் முற்றத்தின் வழியாகத்தான் உள்ளே இறங்கவேண்டும். பக்கத்தில் இரண்டு ஆள் உயரத்திற்குப் புதுச்சுவர் எழும்பினால் கூடத்தில் பகலிலேயே விளக்கேற்ற நேரும். சேரமான் கணைக்கால் இரும்பொறை சிறையிருந்ததாகப் புறநானூற்றுக் குறிப்புக் கூறும் குடவாயிற் கோட்டம் நமது ஊரே என்பர். அந்தப் பெருமையை அடுத்த வீட்டுப் பாட்டிக்கும் அளிக்கவேண்டுமா? மனுப்போடுமுன் வரைபடத்தை அவர்களிடம் ஒரு தரம் காட்டினால் பல வருஷத்துக் கோர்ட்டுச் செலவு மிச்சமாகும். பொதுச்சுவரின்மேல் பாரம் ஏற்றுவதாயின், அது மண்சாந்தில் கட்டியதா சுண்ணாம்பில் கட்டியதா என்று இஞ்சினீயர் ஒருவரைக் கொண்டு சோதிப்பதும் அவசியம்.

"மாடிமேல் ஒரு கீற்றுக்கொட்டகைதானே, தற்காலிகம்தானே" என்பாரும் உண்டு. நமக்கு அண்மையிலுள்ள கும்பகோணத்தில் 2004 ஜூலை 16-ஆந் தேதி ஒரு பள்ளியின் சமையற்கூரையில் பற்றிய தீ, மேல்மாடிக் கீற்றுக்குத் தாவியது. இறங்கும் படி குறுகல். 94 குழந்தைகள் மாண்டனர். பள்ளியில் போதிக்கும் தொழிலை உடைய நாம் அத்தேதியை மறக்க இயலாது. அதன்பின் மாடிப்படியின் அகலம் என்ன, வெளியேற வழி எங்கே என்று கேட்கும் அதிகாரியைக் கெடுபிடிக்காரர் என்று சொல்ல நமக்கு நா எழவில்லை.

ஆயினும் விதிகளின்மீது நமக்கு ஒரு குறை உண்டு. இருபக்கமும் இடம் விடு என்ற நிபந்தனை புது நகர்களின் மனைகளுக்குப் பொருந்தும். பதினைந்தடி அகலமும் நூற்றைம்பதடி நீளமுமாக, சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும் நமது தெருக்களுக்கு எங்ஙனம் பொருந்தும்? ஸ்காத்லாந்து அறிஞர் பாட்ரிக் கெடிஸ் 1915-ஆம் வருஷத்தையொட்டித் தஞ்சாவூர்க் கோட்டைப் பகுதியைச் சந்து சந்தாக நடந்து பார்த்தார். வீடுகளை இடித்து நேர்த்தெருக்கள் போடும் யோசனையை அவர் ஒப்பவில்லை. பாழடைந்த சில வீடுகளை மட்டும் நீக்கி, சந்துகளைச் சற்று விரித்து, மரம் வைத்தால் போதுமென்றார். நமது விதிகளிலும் தொடர் கட்டடப் பகுதி என்றொரு பிரிவு இருக்கிறது. அங்கே பக்கவாட்டில் இடம் விடாமலே கட்டலாம். குடவாசலின் பழைய தெருக்களை அப்பிரிவில் சேர்க்கும்படி பேரூராட்சி மன்றம் தீர்மானம் நிறைவேற்றி நகர் ஊரமைப்பு இயக்ககத்திற்கு அனுப்பவேண்டும். அப்படிச் சேர்க்கும்போது, முற்றங்களை மூடலாகாது என்ற நிபந்தனையையும் கூடவே கேட்டுப் பெறவேண்டும்.