மாயாத்துல தூண்டில் வேண்டாம், கடற்கரைக்குப் போங்க



பள்ளிக்கூடம் லீவு விட்டாச்சுன்னா எனக்கு வர்ற போன்ல பாதி ஒரே கேள்விதான். "அண்ணா, தெப்பக்காடு பாலத்துக்குக் கீழே மீன் கண்ணுக்கே தெரியுதே, தூண்டில் கொண்டு வரலாமா? என்ன இரை போடணும்?" கோயம்புத்தூர்க்காரர், சென்னைக்காரர், பெங்களூர்ல வேலை பாக்கிற தம்பிங்க, எல்லாரும் கேக்கறாங்க. சிலபேர் ஆன்லைன்ல ஆயிரக்கணக்குல செலவு பண்ணிக் கம்பும் சுருளும் வாங்கி வச்சுட்டுத்தான் கேக்கறாங்க.

என் பதில் ஒண்ணுதான். வேண்டாம். உங்க ஆசையில தப்பு இல்ல, இடம்தான் தப்பு. அந்தக் கம்பை எடுத்துக்கிட்டுக் கடற்கரைக்குப் போங்க. அங்கே எங்கே வீசணும், என்ன இரை வைக்கணும்னு எனக்குத் தெரிஞ்சதைக் கீழே எழுதறேன். அதுக்கு முன்னாடி இங்கே ஏன் வேண்டாம்னு சொல்லிடறேன்.

மாயாறு பைக்காரா பக்கமிருந்து இறங்கி, தெப்பக்காடு யானை முகாம் ஓரமா ஓடி, கிழக்கே பெரிய பள்ளத்தாக்குல விழுந்து, பவானிசாகர் அணையில் போய்ச் சேருது. நீங்க பாலத்துல நின்னு பாக்கிற இடம் எல்லாம் முதுமலை. 1940-ல் சரணாலயம், 1990-ல் தேசியப் பூங்கா, 2007-ல் புலிகள் காப்பகம். இதுக்குள்ள மீன் பிடிக்கிறது குற்றம். வண்டியை நிறுத்தி ஆத்துல இறங்கவே கூடாது. இது கேக்கிறவங்களுக்கும் தெரியும். தெரிஞ்சும், "உங்களுக்குப் பழக்கமான கார்டு யாராவது இருப்பாங்களே அண்ணா"ன்னு இழுப்பாங்க.

சரி, சட்டத்தை ஒரு பக்கம் வைங்க. இந்த ஆத்துல ஒரு மீன் இருக்கு. கூன்முதுகு மஹசீர். துடுப்பு ஆரஞ்சு நிறம், தலைக்குப் பின்னாடி முதுகு எழும்பி நிக்கும். காவிரியும் அதுல சேர்ற ஆறுகளும் தவிர உலகத்துல வேற எங்கேயும் கிடையாது. 1946-ல் மைசூர்ப் பக்கம் கபினி ஆத்துல வான் இங்கன்னு ஒருத்தர் தூண்டில்ல பிடிச்ச மஹசீர் 120 பவுண்டு. கிலோவுல 54. ஒரு சிமெண்ட் மூட்டையைவிடக் கனம்! வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து இவ்வளவு பேர் வாங்கின இந்தக் கூன்முதுகு மீனுக்குச் சரியான அறிவியல் பேர் எதுன்னு 2018 வரைக்கும் முடிவாகல. மாயாத்துல கிடைச்ச மீன்களை வச்சுத்தான், கேரளாவுல பாம்பாத்துல கண்டுபிடிச்சு 2007-ல் டோர் ரெமாதேவின்னு பேர் வச்ச மீனும் இதுவும் ஒண்ணுன்னு உறுதி பண்ணாங்க. அதே 2018-ல் ஐ.யு.சி.என். சிவப்புப் பட்டியல்ல, அழிவின் விளிம்புல இருக்கிற உயிர்கள்ல ஒண்ணா சேர்த்துட்டாங்க. பேர் உறுதியானதும் ஆபத்துப் பட்டியல்ல ஏறினதும் ஒரே வருஷம்.

"நாங்க பிடிச்சுட்டுத் திருப்பி விட்டுடுவோம்"னு சொல்றவங்க உண்டு. அவங்க பேச்சுல நியாயம் இல்லாம இல்ல. கர்நாடகாவுல பீமேஸ்வரிப் பக்கம் காவிரியில ராகிக் களி உருண்டையை முள்ளுல கோத்து மஹசீர் பிடிச்சு விட்டவங்க எழுதி வச்ச கணக்கை வச்சுத்தான், கூன்முதுகு குறைஞ்சு வெளியிலேர்ந்து கொண்டுவந்து விட்ட நீலத்துடுப்பு மஹசீர் பெருகினதே தெரிய வந்துச்சு. ஆனா அது பேரேடு வச்சுக் கணக்கு எழுதின இடம். தெப்பக்காட்டுப் பாலத்துக்குக் கீழே ரீல்ஸ் எடுக்க நிக்கிறவங்க கையில பேரேடா இருக்கு? இங்கே அந்த மீனை நம்பி நீர்நாய் இருக்கு, முதலை இருக்கு. தண்ணி குடிக்க யானை வரும். சாயங்காலம் புதருக்குள்ள கம்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா நீங்க மீனைப் பாப்பீங்க, உங்களை யார் பாக்கிறாங்கன்னு தெரியாது.

கடலைப் பத்தி மலைக்காடு பக்கம் ராகி போடறவனுக்கு என்ன தெரியும்னு கேப்பீங்க. என் தங்கச்சியைக் கட்டிக் கொடுத்தது தரங்கம்பாடிப் பக்கம். அறுவடை முடிஞ்சு தை மாசம் பத்து நாள் அங்கேதான் இருப்பேன். மாப்பிள்ளைக்குப் பழக்கமான பெரியவர் ஒருத்தர், கட்டுமரம், ஃபைபர் படகுன்னு கடலோடவே வாழ்ந்தவர். முட்டி வலி வந்த பிறகு கரையில நின்னு கைத்தூண்டில் போடறார். கம்பும் கிடையாது, சுருளும் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் பாட்டில்ல சுத்தின நரம்பு, ஈயக்குண்டு, ரெண்டு முள். மொத்தமே இருநூறு ரூபாய் தாண்டாது. பல வருஷமா அவர் பக்கத்துல நின்னு கத்துக்கிட்டதுதான் இதெல்லாம்.

புதுசா வர்றவங்க எல்லாரும் தூரமா வீசறதுலதான் குறியா இருப்பாங்க. பெரியவர் அதைப் பாத்தாலே சிரிப்பார். வீசறதுக்கு முன்னாடி பத்து நிமிஷம் சும்மா நின்னு, அலை எங்கே உடையுதுன்னு பாக்கணும். கரைக்குக் கொஞ்சம் தள்ளி அலை வெள்ளையா உடையற இடத்துல அடியில மணல் திட்டு இருக்கும். திட்டுக்கும் கரைக்கும் நடுவுல தண்ணி கொஞ்சம் கருப்பா, அமைதியா கிடக்கும். நம்ம பாஷையில சொன்னா திட்டுதான் வரப்பு, நடுவுல இருக்கிறது வாய்க்கால். அலை கிளறிவிடற புழு, நண்டுக் குஞ்சு எல்லாம் அந்த வாய்க்கால்ல வந்து விழும். மீன் அங்கேதான் மேயும். இருபது முப்பது மீட்டர்தான். நீங்க பலத்தைக் காட்டி வரப்பைத் தாண்டி வீசினா, மேயற மாட்டுக்கு அந்தப் பக்கம் புல்லைப் போட்ட கதைதான். கிழங்கான் இன்னும் கிட்ட, முழங்கால் தண்ணிக்கே வரும்.

ஒரு எச்சரிக்கை. ரெண்டு பக்கமும் அலை உடையும், நடுவுல ஒரு இடம் மட்டும் உடையாம சாதுவா இருக்கும். குளிக்கப் போறவங்க அந்த இடம்தான் பத்திரம்னு நினைப்பாங்க. அதுதான் தண்ணி உள்ளே இழுக்கிற வழி. அதோட ஓரத்துல தூண்டில் போட்டா நல்லா கடிக்கும், ஆனா அதுக்குள்ள கால் வைக்கவே கூடாது. 2024 மே மாசம் கன்னியாகுமரி மாவட்டம் கணபதிபுரம் கடற்கரையில ஐந்து இளம் மருத்துவர்கள் அலையில போனது ஞாபகம் இருக்கும். அன்னிக்குக் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்ல இருக்கிற இன்காய்ஸ் நிறுவனம் இந்த எச்சரிக்கையை முன்கூட்டியே விடுது, செய்தியிலயும் வரும். கிளம்பறதுக்கு முன்னாடி பாத்துட்டுப் போங்க.

இனி இரை. இதுலதான் நகரத்து ஆளுங்க காசை வீணாக்கறாங்க. பளபளன்னு ரப்பர் மீன், தகர மீன் எல்லாம் வாங்கி வச்சிருப்பாங்க. பாறை, சீலா மாதிரி விரட்டிப் பிடிக்கிற மீனுக்கு, கல் போட்ட இடத்துல, அதெல்லாம் சரி. மணல் கரையில மீன் மூக்கை நம்பித்தான் மேயும். அதுக்கு வாசனை வேணும்.

எல்லா மீனும் தொடற இரை இறால்தான். ஆனா சூப்பர் மார்க்கெட்டுல தோல் உரிச்சு, ஐஸ்ல ஊறிக் கிடக்கிற இறாலை வாங்காதீங்க. ரெண்டு அலை அடிச்சா முள்ளுல ஒண்ணும் இருக்காது. காலையில ஏலம் நடக்கிற இடத்துல ஒரு கை அளவு சின்ன இறால் தோலோட வாங்குங்க. வால் பக்கமா முள்ளை ஏத்தி, வளைவுக்கு ஏத்த மாதிரி உடம்பைக் கோத்து, முள் நுனி கொஞ்சம் வெளியே தெரியற மாதிரி விடணும். முகத்துவாரத்துல கொடுவாவுக்கு உயிர் இறால்தான் வேணும். அதை உடம்புல குத்தினா செத்துடும். தலைமேல இருக்கிற கொம்புக்கு அடியில, உள்ளே தெரியற கருப்புப் புள்ளியைத் தொடாம குத்தணும். அப்பதான் தண்ணிக்குள்ள துள்ளும்.

மத்தி வாசனைக்கு ராஜா. எண்ணெய் கசிஞ்சு தூரத்துல இருக்கிற கெளுத்தியையும் கத்தாழையையும் கூட்டிட்டு வரும். ஆனா சதை பஞ்சு மாதிரி, வீசும்போதே பிஞ்சு போகும். பெரியவர் முந்தின நாள் ராத்திரியே மத்தியைச் சாய்வா வெட்டி, கல் உப்புல புரட்டி வச்சுடுவார். நாம மாங்காய்க்கு உப்பு போடற மாதிரிதான். தண்ணி விட்டு, சதை இறுகி, தோல் மாதிரி ஆயிடும். அப்பவும் தையல் நூலை நாலு சுத்துச் சுத்தித்தான் வீசுவார். நண்டு தொந்தரவு அதிகமா இருந்தா கணவாய். சுண்டுவிரல் அகலத்துக்கு நீளமா வெட்டி, ஒரு முனையில மட்டும் குத்தி, மிச்சம் ஆடற மாதிரி விடணும். ஒரு துண்டு அரை மணி நேரம் தாங்கும்.

எங்க தோட்டத்து மண்புழு ஒரு டப்பா கொண்டு வரட்டுமான்னு கேட்டதுக்கு, "உப்புத் தண்ணி பட்டா நூல் மாதிரி தொங்கிடும், உன் ராகிக்கே வச்சுக்க"ன்னுட்டார். கிழங்கானுக்கு இரை கரையிலேயே இருக்கு. அலை வாங்கும்போது ஈரமணல்ல வி வடிவத்துல சின்னச் சின்னக் கோடு தெரியும். அங்கே கையால தோண்டினா, கட்டைவிரல் நகம் அளவுக்கு முட்டை மாதிரி நண்டுப்பூச்சி பின்பக்கமா புதைஞ்சுக்கிட்டு இருக்கும். அதைவிட நல்ல இரை காசு கொடுத்தாலும் கிடைக்காது. மடவை வேற ஜாதி, அது பாசி தின்கிற மீன். பொடி முள்ளுல பிசைஞ்ச கோதுமை மாவு, அதுவும் உப்பங்கழியில அமைதியான தண்ணியில.

நேரம், விடியக்காலையும் பொழுது சாயறப்பவும். நம்ம கிழக்குக் கரையில தண்ணி ஏத்த இறக்கம் பெரும்பாலான இடத்துல ஒரு மீட்டர்தான் இருக்கும், இருந்தாலும் மீனுக்கு அது போதும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி ஏத்தம் பலமா இருக்கும். தண்ணி ஏற ஆரம்பிச்ச பிறகு போடுங்க. ஒவ்வொரு நாளும் அந்த நேரம் ஐம்பது நிமிஷம் மாதிரி தள்ளிப் போகும், நேத்து கடிச்ச நேரத்துக்கே இன்னிக்கும் போய் நின்னா ஏமாந்துடுவீங்க.

முள் வாங்கும்போது ஒரு குழப்பம் வரும். எண் ஏற ஏற முள் சின்னதாகும். கிழங்கானுக்கு 8 அல்லது 10. கெளுத்திக்கு 1/0, 2/0. இந்தப் பூஜ்யம் போட்ட எண்கள் ஏறினா முள் பெருசாகும். வட்ட முள் கிடைச்சா அதையே வாங்குங்க, மீன் கடிச்சதும் வெட்டி இழுக்காம மெதுவா சுத்துங்க, அதுவா வாயோரத்துல மாட்டும். சின்ன மீனைக் காயமில்லாம கழட்டி விடலாம். முடிச்சை இறுக்கறதுக்கு முன்னாடி எச்சில் தொட்டு நனைச்சுக்குங்க, இல்லன்னா நரம்பு சூடேறி அந்த இடத்துலயே அறும்.

கடலும் வத்தாத கிணறு இல்ல. அதைப் பெரியவரே சொல்றார், அவர் சின்ன வயசுல கண்ட மீன் இப்ப இல்லன்னு. ஆனா கரையில ஒரு முள்ளோட நிக்கிறவன் எடுக்கிறது ஒரு வேளைக் குழம்புக்கு. கொடுவா ஆஸ்திரேலியா வரைக்கும் இருக்கு, அங்கே அதுக்குப் பாரமுண்டின்னு பேரு. கூன்முதுகு மஹசீருக்கு மிச்சம் இருக்கிறது மாயாறு மாதிரி சில துண்டு ஆறுதான். அதனாலதான் உங்களை மலையிலேர்ந்து கீழே அனுப்பறேன்.

கெளுத்தி வந்தா வெறுங்கையில பிடிக்காதீங்க. முதுகுல ஒண்ணு, பக்கத்துக்கு ஒண்ணு, மூணு முள்ளும் விஷம். குத்திட்டா தோல் வெந்துபோகாத அளவு சூடான வெந்நீர்ல கையை வச்சா வலி இறங்கும், பிறகு ஆஸ்பத்திரி. திருக்கை வந்தா வாலுக்கு எட்டாம நின்னு நரம்பை அறுத்து விட்டுடுங்க. பந்து மாதிரி உப்பற பேத்தையைத் தின்னே பாக்கக் கூடாது. அதோட விஷம் சமைச்சாலும் போகாது.

கரைவலை இழுக்கிற இடத்துல அவங்க முடிக்கிற வரைக்கும் ஒதுங்கி நில்லுங்க, அது அவங்க பிழைப்பு. அறுந்த நரம்பைச் சுருட்டிப் பையில போட்டுக்கிட்டு வாங்க, காக்கா காலும் ஆமைத் துடுப்பும் அதுலதான் மாட்டுது. தை, மாசி மாசத்துல போறவங்க மிச்ச இரையை மணல்ல கொட்டிட்டு வராதீங்க. அந்த வாசனைக்குத் தெருநாய் கூடும், பக்கத்துலயே பங்குனி ஆமை முட்டை போட்டிருக்கும். நாய் ரெண்டையும் தின்னுட்டுப் போயிடும்.