தாதியர்க்கு நுண்மதி ஈவு வேண்டுமோ?

உயர்தர வகுப்பில் உயிரியல் பயிலும் மாணவருள் மருத்துவ பீடத்துக்கு வேண்டிய இசட் புள்ளியை எட்டாதோரே பெரும்பாலார். அவருட் சிலர் தாதியர் பயிற்சியை நாடும்போது இருவகைச் சொற்கள் அவர்தம் செவியில் விழுகின்றன. "இவ்வளவு படித்தும் தாதி வேலைக்கா?" என்பது ஒன்று. "உன்னுடைய மூளைக்கு அதுவும் எட்டாது" என்பது மற்றொன்று. முன்னது தொழிலை இகழ்வது. பின்னது மாணவனை இகழ்வது. பின்னதைச் சொல்வோர், கைத்தொலைபேசியிற் பத்து நிமிடத்திற் செய்து முடிக்கும் நுண்மதிச் சோதனை ஒன்றையும் இக்காலத்திற் சான்றாகக் காட்டத் துணிகின்றனர்.

அந்த எண் எங்கிருந்து வந்தது என்று அறிதல் நன்று. 1905இல் பாரிஸ் நகரில் அல்பிரட் பினே என்னும் உளவியலறிஞர், தியோடர் சிமோனுடன் சேர்ந்து அதன் முதல் அளவுகோலை வகுத்தார். சாதாரண வகுப்பிற் பாடத்தைத் தொடர இயலாத பிள்ளைகளை இனங்கண்டு அவர்க்குத் தனிக் கவனம் கொடுத்தலே அவர் கருதிய பயன். அறிவு என்பது வளர்க்கவொண்ணாத நிலைத்த அளவு என்றோரை அவர் 1909இல் எழுதிய நூலில் வன்மையாக மறுத்தார். 1911இல் அவர் மறைந்தார். மறு ஆண்டில் வில்லியம் ஸ்டேர்ன் என்னும் ஜேர்மானியர் மன வயதை உண்மை வயதால் வகுத்து ஈவு கண்டார். 1916இல் அமெரிக்கரான லூயிஸ் டேர்மன் அதனை நூறாற் பெருக்கி உலகெங்கும் பரவச் செய்தார். உதவி வேண்டுவோரைத் தேடப் பிறந்த கருவி, வாயிலில் நின்று ஆட்களை விலக்கும் கருவியாயிற்று. இன்னொன்றும் உண்டு. 1932க்கும் 1978க்கும் இடையில் அமெரிக்கரின் சராசரி ஈவு ஏறத்தாழ 14 புள்ளிகள் உயர்ந்ததென ஜேம்ஸ் பிளின் 1984இற் காட்டினார். அரை நூற்றாண்டுக்குள் ஒரு நாட்டாரின் பிறவி மூளை மாறியிராது. மாறியவை அவர்தம் வாழ்வும் கல்வியுமே.

இதனால், தாதியர்க்குக் கூர்த்த அறிவு வேண்டா என யான் கூறுவதாகக் கொள்ளற்க. நோயாளிக்கு எட்டு மணித்தியாலத்தில் 1000 மில்லிலீற்றர் சேலைன் ஏற்ற வேண்டும். குழாய் மில்லிலீற்றருக்கு 20 துளி விடுவது. நிமிடத்துக்கு எத்தனை துளி? விடை 42க்குச் சற்றுக் குறைவு. ஒன்பதாம் வகுப்பு மாணவனுக்கும் இக்கணக்கு எளிதே. ஆயின் இரவு மூன்று மணிக்கு, ஒரு கட்டிலில் ஒருவர் வலியால் அரற்ற, அடுத்த கட்டிலில் முதியவர் ஒருவர் மூச்சுத் திணற, அதே கணக்கைப் பிழையின்றிச் செய்தல் வேறு. தசமப் புள்ளி ஓரிடம் பிசகினால் மருந்து பத்து மடங்காகும். மாலையிற் பேசிக்கொண்டிருந்தவர் இரவில் ஏன் அடங்கிக் கிடக்கிறார் என ஐயுறுவதும் அறிவே. அந்த ஐயம் வைத்தியருக்கு உரிய நேரத்தில் எட்டாவிடில் உயிர் போகும். இவற்றை வடிவங்களைப் பொருத்தும் வினாத்தாள் எங்ஙனம் அளக்கும்?

அளந்து கண்ட செய்தி ஒன்றும் உண்டு. ஐரோப்பாவின் ஒன்பது நாடுகளில் லிண்டா எய்க்கன் தலைமையில் நடந்த ஆய்வு 2014இல் லான்செற் இதழில் வெளிவந்தது. தாதி ஒருவர் பார்க்கும் நோயாளர் தொகையில் ஒருவர் கூடும்போது, சத்திரசிகிச்சைக்கு உள்ளானோர் முப்பது நாளுள் இறக்கும் வாய்ப்பு 7 வீதம் கூடியது. பட்டம் பெற்ற தாதியரின் பங்கு 10 வீதம் கூடும்போது அவ்வாய்ப்பு 7 வீதம் குறைந்தது. உயிர் காப்பவை தாதியர் பெற்ற கல்வியும் அவர்மேல் ஏற்றப்படும் சுமையின் அளவும் என்பதே இதிலிருந்து யான் கொள்வது. ஈவைப் பற்றிய பேச்சே அங்கில்லை.

நம் முன்னோரும் இதனை எண்ணியிருந்தனர். திருக்குறள் மருந்ததிகாரம் நோயாளியோடும் மருத்துவனோடும் மருந்தோடும் ஒப்பவைத்து அருகிருந்து பேணுபவனையும் ஓர் உறுப்பாகக் கொள்கிறது. உரை வகுத்த பரிமேலழகர் அவனுக்கு வேண்டியனவற்றுள் அறிவையும் சேர்த்தார். நோயாளிமேல் அன்பையும் தூய்மையையும் சொல்லியதைச் சொல்லியவாறு செய்யும் வன்மையையும் அதனோடு உடன் வைத்தார். விளக்கேந்திய சீமாட்டி எனப் போற்றப்படும் புளோரன்ஸ் நைற்றிங்கேல் இறந்த போர்வீரரைக் கணக்கெடுத்து, காயத்தினும் நோயே மிகுதியாகக் கொன்றதென வரைபடத்தாற் காட்டியவர் என்பதையும் விளக்கை மட்டும் நினைவில் வைத்திருப்போர்க்குச் சொல்ல வேண்டியுள்ளது.

நம் நாட்டில் தாதியர் பயிற்சிக்கு உயர்தரப் பெறுபேறு வாயிலாக உள்ளது. பல்கலைக்கழகங்களிற் பட்டநெறியும் உண்டு. ஆதலின் மாணவன் கவலைப்பட வேண்டியது இரசாயனத்தையும் உயிரியலையும் ஆங்கிலத்தையும் பற்றியே. நம் பழைய மாணவருள் தாதிய உத்தியோகத்தர் இருப்பாராயின், பரிசளிப்பு விழா மேடையில் அவரை யாம் கண்டதுண்டா? வைத்தியரையும் பொறியியலாளரையும் ஆண்டுதோறும் மாலையிட்டு அழைக்கின்றோம். அடுத்த தவணையில் அத்தகைய ஒருவரை உயர்தர வகுப்புக்கு அழைத்து, இரவுப் பணியையும் சம்பளத்தையும் கால் கடுக்க நிற்பதையும் நோயாளி எழுந்து நடக்கும் நாளையும் மறையாது சொல்லுமாறு சங்கத்தார் கேட்டுக்கொள்வாராக. மாணவர் ஆண்பிள்ளைகளாயிற்றே எனத் தயங்குவோர், ஆண்கள் விடுதியில் நோயாளரைத் தூக்கி இருத்துவோர் யாரென்று ஒருமுறை போய்ப் பார்த்து வரலாம்.