காத்து முன்னாடி... தீ பின்னாடி!

யூடியூபில் 'ஹோம்மேடு ஜெட் இன்ஜின்' வீடியோக்கள் பார்த்திருக்கிறீர்களா? வெளிநாட்டில் யாரோ ஒருவர், பழைய லாரி டர்போவை வைத்து வீட்டு ஷெட்டிலேயே இன்ஜின் செய்திருப்பார். உறுமப்போகிறது என்று நாம் காத்திருந்தால், பின்பக்கம் குபீரென்று தீ மட்டும் வரும். அதோடு வீடியோ முடிந்துவிடும்.

இந்த இன்ஜினைச் செய்வதைவிட ஸ்டார்ட் செய்வதுதான் பெரிய வம்பு. உள்ளே காற்றை அழுத்தித் தருவது கம்ப்ரஸர். அதைச் சுற்றவைப்பது டர்பைன். டர்பைனைச் சுற்றவைப்பது எரியும் வாயு. அது எரிய, அழுத்திய காற்று வேண்டும். கோழி முன்னாடியா, முட்டை முன்னாடியா கதைதான்! அதனால் இன்ஜின் சொந்தக்காலில் நிற்கும் வரை வெளியிலிருந்து யாராவது சுற்றிவிட வேண்டும்.

பலர் இதற்கு, இலைச்சருகை ஊதித் தள்ளும் ப்ளோயரைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேகம் போதாத நேரத்தில் எரிபொருளைத் திறந்தால் தீ வெளியே பாயும். வேகம் ஏறுவதற்குள் ப்ளோயரை எடுத்துவிட்டால், சூடு மட்டும் ஏறி டர்பைன் பிளேடுகள் வீணாகும்.

பாட்டியின் பம்ப் ஸ்டவ்

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டி வீட்டு பம்ப் ஸ்டவ்தான் ஞாபகம் வந்தது. பர்னர் நன்றாகச் சூடாகும் முன் அவசரப்பட்டு பம்ப் அடித்தால், மண்ணெண்ணெய் ஆவியாகாமல் மஞ்சள் தீயாக எழும்பும். குட்டி ஜெட் இன்ஜினிலும் அதே கதைதான். அதனால்தான் பலர் முதலில் புரொப்பேன் கேஸில் பற்றவைத்து, உள்ளே சூடேறிய பிறகு மண்ணெண்ணெய்க்கு மாறுகிறார்கள்.

பெரியவர்களும் இதில் மாட்டியிருக்கிறார்கள். 1937 ஏப்ரல் 12. இங்கிலாந்தின் ரக்பி நகரம். 29 வயது ஃபிராங்க் விட்டில் தன் ஜெட் இன்ஜினை முதன்முதலாக ஓட்டிப் பார்க்கிறார். எரிபொருள் வால்வை மூடிய பிறகும் இன்ஜின் வேகம் ஏறிக்கொண்டே போகிறது. சுற்றி நின்றவர்கள் ஓட்டம் பிடிக்கிறார்கள். காரணம் பிறகுதான் தெரிந்தது. ஸ்டார்ட் செய்யும் முன்பே கசிந்த எரிபொருள், உள்ளே குளம்போலத் தேங்கியிருந்தது. பிறகு அதை வடிக்க ஒரு குழாய் வைத்தார்கள்.

என்னென்ன மாற்றலாம்?

ப்ளோயருக்குப் பதில் சின்ன மின்மோட்டார் வைக்கலாம். ஆனால், இன்ஜின் வேகம் மோட்டாரை மிஞ்சியதும் இரண்டும் தானாகப் பிரிய வேண்டும். சைக்கிள் ஃப்ரீவீல் மாதிரி ஒருவழி கிளட்ச் இருந்தால் இது நடக்கும். இல்லையென்றால் மோட்டார் காலி.

அடுத்தது, பின்பக்கம் ஒரு வெப்ப சென்சார். கூடவே வேகத்தையும் சூட்டையும் பார்த்து, எரிபொருளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தரும் கன்ட்ரோல் யூனிட். சூடு எல்லை மீறினால் அதுவே சப்ளையை நிறுத்திவிடும். இந்த இடத்தில் மனிதக் கையைவிட அது வேகம்.

ஒருமுறை ஸ்டார்ட் ஆகவில்லையா? உடனே மறுபடி பற்றவைக்கக் கூடாது. தேங்கியதை வடித்து, தீயில்லாமல் சுற்றவிட்டுக் காயவைக்க வேண்டும். ஓடி முடித்த பிறகும் அதே மோட்டாரால் கொஞ்ச நேரம் சுற்றிவிட்டால் பேரிங் வெந்துபோகாது.

குட்டி டர்பைன்கள் நிமிடத்துக்கு லட்சம் சுற்றுகளைத் தாண்டிப் போகக்கூடியவை. அந்தச் சக்கரம் உடைந்தால் துண்டுகள் பக்கவாட்டில்தான் சிதறும். அதனால் அனுபவசாலிகள் இன்ஜினுக்குப் பக்கவாட்டில் நிற்கவே மாட்டார்கள்.

உங்கள் வீட்டுப் பிள்ளை இந்த வீடியோக்களை ஆசையாகப் பார்த்தால் திட்டாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தீ ஏன் வெளியே வந்தது என்று கேளுங்கள். பம்ப் ஸ்டவ் கதையையும் சொல்லுங்கள். செய்து பார்ப்பது மட்டும், விஷயம் தெரிந்த பெரியவர் ஒருவர் கூட இருக்கும்போது நடக்கட்டும்!