பிள்ளையை வீட்டிலேயே படிக்க வைக்கலாமா? டி.சி. வாங்கும் முன் போட வேண்டிய 1,000 மணி நேரக் கணக்கு

ஐந்தாம் வகுப்பு முடிந்து ஆறாம் வகுப்பு தொடங்குவதற்கு இடைப்பட்ட கோடை விடுமுறையில்தான் பல வீடுகளில் இந்தப் பேச்சு எழுகிறது. ஃபீஸ் ஏறியிருக்கும். வேன் காலை ஏழு மணிக்கே வந்து ஹார்ன் அடிக்கும். "எனக்கு ஸ்கூலே பிடிக்கலம்மா" என்று பிள்ளை சொல்ல ஆரம்பித்திருக்கும். 'பேசாம வீட்டிலேயே படிக்க வெச்சா என்ன?' என்ற கேள்வி வருவது இயல்புதான்.

ஆனால், இந்த விவாதம் பெரும்பாலும் பள்ளி நல்லதா கெட்டதா என்பதிலேயே சுற்றிச் சுற்றி வருகிறது. முதலில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. வீட்டில் யார் சொல்லித் தரப்போகிறார்கள்? எத்தனை மணி நேரம்?

சட்டம் என்ன சொல்கிறது?

2009-ல் நிறைவேறி, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-வது பிரிவு சொல்கிறது. ஆனால், சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் விதிக்கவில்லை. ஹோம்ஸ்கூலிங் என்ற சொல்லும் அதில் இல்லை. அதாவது, வெளிப்படையான அனுமதியும் கிடையாது, தண்டனையும் கிடையாது.

இடையில் மனம் மாறினால்? வயதுக்கேற்ற வகுப்பில் சேரவும், விட்டுப்போன பாடங்களுக்குச் சிறப்புப் பயிற்சி பெறவும் 4-வது பிரிவு உரிமை தருகிறது. பள்ளிக்குத் திரும்பும் கதவு அடைக்கப்படவில்லை. ஆனால், விட்டுவந்த அதே தனியார் பள்ளியில் அதே சீட் காத்திருக்கும் என்று நம்ப முடியாது.

1,000 மணி நேரம்

ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை, ஆண்டுக்குக் குறைந்தது 220 வேலை நாள், 1,000 மணி நேரம் பாடம் நடக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் அட்டவணை சொல்கிறது. நாளுக்குச் சுமார் நாலரை மணி நேரம்.

"ஸ்கூல்ல நாப்பது பேருக்கு ஒரு டீச்சர். வீட்டுல ஒருத்தருக்கு ஒருத்தர். பாதி நேரம் போதுமே" என்று கேட்கலாம். சரி, பாதியாகவே வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 500 மணி நேரம். வாரத்துக்குக் கிட்டத்தட்ட பத்து மணி நேரம். இது உட்கார்ந்து சொல்லித் தரும் நேரம் மட்டும்தான். பின்னம் எப்படிப் புரிய வைப்பது என்று முந்தின இரவு யூடியூபில் தேடும் நேரம் இதில் சேரவில்லை. ஆசிரியருக்கே வாரத்துக்கு 45 மணி நேர வேலை என்று சொல்லும் சட்டம், தயாரிப்பு நேரத்தையும் அதற்குள் சேர்த்துத்தான் கணக்கிடுகிறது.

அந்தப் பத்து மணி நேரம் யாருடையது? பல வீடுகளில் பதிலைச் சொல்லவே தேவையில்லை, அம்மாவுடையது. 'நாம வீட்டிலேயே சொல்லிக்கொடுப்போம்' என்று அப்பா சொல்லும்போது, அந்த 'நாம' யார் என்று அப்போதே கேட்டுவிட வேண்டும். ஒரு பெண் தன் வேலையை விட்டுத்தான் ஒரு பிள்ளை வீட்டில் படிக்க முடியும் என்றால், மிச்சமாகும் ஃபீஸோடு போகும் சம்பளத்தையும் கணக்கில் எழுத வேண்டும். அதைத் தியாகம் என்று பாராட்டிவிட்டு நகர்வது சரியல்ல. வொர்க் ஃப்ரம் ஹோம் இருக்கிறதே என்பதும் பதிலாகாது. மீட்டிங்கில் மியூட் போட்டுவிட்டு இலக்கணம் சொல்லித் தர முடியாது.

பிள்ளையிடம் கேட்டீர்களா?

பத்து, பதினோரு வயது என்பது பிள்ளைகளுக்கு நண்பர்கள் முக்கியமாகும் வயது. உடல் மாறத் தொடங்கும் வயது. அம்மா அப்பாவிடம் சொல்லாததைத் தோழியிடம் சொல்லும் வயது. எழுப்பி விடுவதும், சோறு போடுவதும், கணக்கில் தப்பு கண்டுபிடிப்பதும் ஒரே ஆள் என்றால், கோபித்துக்கொண்டு போக அந்தப் பிள்ளைக்கு வேறு இடம் இல்லை. எனவே, விளையாட்டுத் திடல், பாட்டு வகுப்பு, நூலகம் என்று வாரத்தில் சில நாளாவது வேறு பெரியவர்களும் சம வயதுப் பிள்ளைகளும் இருக்கும் இடம் தேவை.

"பிடிக்கல" என்பதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். யாராவது அடிக்கிறார்களா? கேலி செய்கிறார்களா? போர்டில் எழுதுவது சரியாகத் தெரியவில்லையா? இவற்றுக்குத் தீர்வு கண் பரிசோதனையாக இருக்கலாம், வேறு பள்ளியாக இருக்கலாம், 1098 குழந்தைகள் உதவி எண்ணாகவும் இருக்கலாம். காரணம் தெரியாமல் பள்ளியை மட்டும் நிறுத்தினால், பிரச்சினை பிள்ளையோடு வீட்டுக்கு வந்துவிடும்.

சான்றிதழுக்கு என்ன வழி?

வழி இருக்கிறது. தேசிய திறந்தநிலைப் பள்ளியான என்.ஐ.ஓ.எஸ்.-ல் 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். ஐந்து பாடங்களை ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுகளுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கலாம். தமிழக அரசின் எட்டாம் வகுப்புத் தனித்தேர்வை 12½ வயது நிறைந்தவர்கள் எழுதலாம். திறந்தநிலைப் பள்ளி மாணவர்கள் நீட் எழுத 2018-ல் வந்த தடையை டெல்லி உயர் நீதிமன்றம் அதே ஆண்டில் ரத்து செய்தது.

ஆனால், அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளை என்றால் இன்னொரு கணக்கும் உண்டு. மருத்துவப் படிப்பில் 7.5% உள் ஒதுக்கீடு, கல்லூரி செல்லும்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் எல்லாம் ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்ததைக் கேட்கின்றன. இன்று ஆறாம் வகுப்பில் எடுக்கும் முடிவின் விலை பன்னிரண்டாம் வகுப்புக்குப் பிறகுதான் தெரியும்.

ஒத்திகை பாருங்கள்

ஹோம்ஸ்கூலிங் தப்பு இல்லை. ஓடியாடிக் கற்கும் பிள்ளைக்கும், பள்ளியின் வேகம் ஒத்துவராத பிள்ளைக்கும், தீவிரமாக விளையாட்டிலோ இசையிலோ இருக்கும் பிள்ளைக்கும் அது நல்ல வழியாக அமையலாம். ஆனால், பள்ளியை விடுவது ஒரு நாள் முடிவு. வீட்டில் படிக்க வைப்பது தினமும் காலையில் புதிதாக எடுக்க வேண்டிய முடிவு.

டி.சி. வாங்கும் முன், கோடை விடுமுறையில் ஒரு மாதம் ஒத்திகை பார்க்கலாம். தமிழக அரசின் பாடநூல்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பிள்ளையையும் உட்கார வைத்து ஒரு வார அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு மணி நேரத்துக்கும் எதிரே, யார் சொல்லித் தருவது என்று பெயரை எழுதுங்கள். திங்கள் முதல் சனி வரை ஒரே பெயர்தான் வருகிறது என்றால், அந்த வீடு இன்னும் தயாராகவில்லை.