பிராம்ப்டனின் அதிவேகக் கார்களும் ஆலையின் எதிர்காலமும்

டொராண்டோவின் கிழக்கு எல்லையிலுள்ள ரூஜ் பகுதியில் தமிழர்கள் கணிசமாக வாழ்கின்றனர். அவ்வழியே 401ஆம் நெடுஞ்சாலை செல்கிறது. அங்கிருந்து கிழக்கே ஜெனரல் மோட்டார்ஸின் ஒஷாவா கார் ஆலையும், மேற்கே ஸ்டெல்லாண்டிஸ் நிறுவனத்தின் பிராம்ப்டன் ஆலையும் உள்ளன. பிராம்ப்டனில் 2023 டிசம்பரில் உற்பத்தி நின்றபோது சுமார் 3,000 தொழிலாளர்கள் வேலையிழந்தனர்.

அந்த ஆலைக்குப் புகழ் தேடித்தந்தவை, குறைந்த எண்ணிக்கையில் தயாரான அதிவேக செடான் கார்கள். 2015ஆம் ஆண்டு மாடலாக வந்த டாட்ஜ் சார்ஜர் ஹெல்கேட்டின் இயந்திரம் 707 குதிரைத்திறன் கொண்டது. நான்கு கதவுகள் கொண்ட ஒரு குடும்பக் காருக்கு இது எதற்கு என்று கேட்போருக்கு வணிகரீதியான விடை உண்டு. காரின் அடித்தளமும் உடலும் ஏற்கனவே இருப்பவை. கூடுதல் செலவு குறைவு, விலையோ மிக அதிகம். தவிர, ஹெல்கேட்டைப் பார்க்க விற்பனைக்கூடத்துக்கு வருபவர் சாதாரண ஆறு சிலிண்டர் சார்ஜரை வாங்கிச் செல்லக்கூடும். 2022இல் அமெரிக்காவில் சுமார் 80,000 சார்ஜர்கள் விற்பனையாயின. அவற்றில் ஹெல்கேட்டின் பங்கு சிறிதே.

ஆனால் இந்த உத்திக்கு ஒரு விலை இருந்தது. எரிபொருள் சிக்கன விதிகளை எட்டாததற்காக, 2018, 2019 மாடல்கள் தொடர்பில் ஸ்டெல்லாண்டிஸ் அமெரிக்க அரசுக்கு 23.55 கோடி டாலர் அபராதம் செலுத்தியது. இதைவிட முக்கியமாக, 2004இல் அறிமுகமான அடித்தளமே ஏறக்குறைய 20 ஆண்டுகள் நீடித்தது. குதிரைத்திறன் கூடியதே தவிர, ஆலைக்கு அடுத்து என்ன என்ற கேள்வி தள்ளிப்போடப்பட்டது. வாடிக்கையாளர்களோ இதற்கிடையில் எஸ்யூவிகளை நாடத் தொடங்கிவிட்டனர்.

ஒஷாவாவின் அனுபவம் வேறு. அங்கு 2006 முதல் 2009 வரை தயாரான 303 குதிரைத்திறன் கொண்ட இம்பாலா எஸ்எஸ் நிறுத்தப்பட்டதை அதிகம் பேர் கவனிக்கவில்லை. சாதாரண இம்பாலா ஆலையை இயக்கிக்கொண்டிருந்தது. 2019 டிசம்பரில் அங்கு வாகன உற்பத்தி நின்றது. 2021 நவம்பரில் ஆலையை மீண்டும் திறக்கவைத்தது செடான் அல்ல, பிக்கப் டிரக்.

பிராம்ப்டனுக்கு அப்படியொரு வாகனமாக வாக்களிக்கப்பட்டது ஜீப் காம்பஸ். 2022இல் விண்ட்சர், பிராம்ப்டன் ஆலைகளின் புதுப்பிப்புக்காக கனடிய மத்திய அரசும் ஒன்டாரியோ மாகாண அரசும் இணைந்து 100 கோடி கனடிய டாலர் வரை உதவ முன்வந்தன. ஆனால் 2025இல் அமெரிக்கா கார்களுக்கு 25 சதவீத வரி விதித்தது. அவ்வாண்டு அக்டோபரில் காம்பஸ் உற்பத்தியை இலினாய் மாநிலத்துக்கு மாற்றுவதாக நிறுவனம் அறிவித்தது. இதற்குப் பதிலடியாக, அந்நிறுவனம் வரியின்றி இறக்குமதி செய்யக்கூடிய வாகனங்களின் அளவை ஒட்டாவா பாதியாகக் குறைத்தது. இந்த நடவடிக்கை நிறுவனத்துக்குச் சுமையை ஏற்றலாம். ஆலைக்கு ஒரு வாகனத்தைத் தந்துவிடாது.

சார்ஜர் என்ற பெயர் கனடாவை விட்டுப் போய்விடவில்லை. அதன் புதிய தலைமுறை விண்ட்சரில், மினிவேன்கள் தயாராகும் அதே ஆலையில் உருவாகிறது. அதன் விற்பனை சரிந்தாலும் மினிவேன்கள் அந்த ஆலையைத் தாங்கக்கூடும். பிராம்ப்டனில் அத்தகைய துணை எதுவும் இருக்கவில்லை.