ஓடும் தோலும் வீணாகலாமா?

நெய்வேலியில் 1962-ல் முதல் அனல் மின் நிலையம் இயங்கத் தொடங்கியது. நிலத்தடியிலுள்ள பழுப்பு நிலக்கரியை வெட்டி மின்சாரம் எடுக்கிறார்கள். அதே நிலத்தின் மேல் முந்திரி, மணிலா, கரும்பு ஆகியவை விளைகின்றன. இவற்றின் ஓடும் தோலும் சோகையும் பல இடங்களில் குப்பையாகக் கொளுத்தப்படுகின்றன. இது சரிதானா?

நெய்வேலி நிலக்கரியில் ஏறத்தாழப் பாதி ஈரமே. ஒரு கிலோ எரித்தால் சுமார் 2,600 கிலோ கலோரி வெப்பம்தான் கிடைக்கும். நன்கு காய்ந்த மணிலாத் தோலோ கிலோவுக்குச் சுமார் 4,000 கிலோ கலோரி தரவல்லது. தோலின் குறை, அது லேசாக இருந்து இடத்தை அடைப்பதே. வண்டி வாடகைக்கே காசு போய்விடும். அழுத்திக் கட்டிகளாக்கினால் இக்குறை நீங்கும். பழுப்பு நிலக்கரியிலிருந்து செய்த 'லெகோ' கரிக்கட்டியை ஒரு காலத்தில் வீட்டு அடுப்புகளுக்குத் தந்த ஊர்தான் நெய்வேலி.

கொட்டாங்கச்சிக்கு இன்னும் நல்ல வழி உண்டு. 100 கிலோ கொட்டாங்கச்சியைக் காற்றுப் புகாமல் சுட்டால் 25 முதல் 30 கிலோ கரி கிடைக்கும். இக்கரியை 800 டிகிரிக்கு மேல் நீராவியில் பக்குவப்படுத்தினால் 'ஆக்டிவேட்டட் கார்பன்' ஆகிறது. குடிநீரைச் சுத்தம் செய்யவும் தங்கம் பிரித்தெடுக்கவும் இது பயன்படுகிறது. ஆனால் இது தொழிற்சாலை வேலை. சிறு விவசாயி இதில் முதல் போட வேண்டியதில்லை. நல்ல கரி செய்து விற்றாலே போதும்.

குழியில் கரி சுடும்போது எரியக்கூடிய வாயுக்கள் புகையோடு போய்விடுகின்றன. கண்ணுக்கும் நெஞ்சுக்கும் கேடு. மூடிய சூளையில் அந்த வாயுவை எரித்து, அடுத்த ஈட்டை உலர்த்தலாம். கொப்பரையும் காய வைக்கலாம்.

எல்லாவற்றையும் எரிப்பதும் தவறு. மணிலாக் கொடியும் வைக்கோலும் மாட்டுக்குரியவை. கரும்புச் சோகையைப் பாருக்கிடையே பரப்பினால் ஈரம் காக்கும். முந்திரி ஓட்டின் எண்ணெய் தோலைப் புண்ணாக்கும். அதை வீட்டு அடுப்பில் எரிக்கக் கூடாது. எண்ணெய் எடுத்தபின் மிஞ்சும் சக்கையே ஆலைக்கு ஏற்ற எரிபொருள்.

நிலக்கரியோடு 5 சதவீதம் பயிர்க்கழிவுக் கட்டிகளைச் சேர்த்து எரிக்க வேண்டும் என்று மத்திய மின் அமைச்சகம் 2021-ல் அனல் மின் நிலையங்களுக்குக் கொள்கை வகுத்தது. அதன் பலன் இடைத்தரகருக்குப் போகாமல் விளைவித்தவருக்குச் சேர வேண்டும். விவசாயிகள் ஊர்தோறும் குழுவாகச் சேர்ந்து, கழிவுகளைக் காய வைத்து, எடை போட்டு விற்க வேண்டும். மின் நிலையங்களும் அருகிலேயே கொள்முதல் நிலையம் திறந்து, ஈரத்தை அளந்து, உடனுக்குடன் பணம் தர வேண்டும். சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த கிராமங்களுக்கு முதலிடம் தருவதே முறை.

பழுப்பு நிலக்கரி வெட்ட வெட்டக் குறையும். ஓடும் தோலும் ஆண்டுதோறும் விளையும்.