விரவல் வீதம்

கலைச்சொல் என்பது அயற்சொல்லை அகற்றிய வெற்றிடத்தை அடைப்பதற்கு இடும் கல்லன்று; அது ஒரு பொருளின் இயல்பைக் காட்டும் கண்ணாடி. கண்ணாடி கோணின் உருவமும் கோணும். கலைச்சொல் பிழைப்பின் கற்பார் அறிவும் பிழைபடும். பள்ளி நூல்களில் நாள்தோறும் வழங்கும் ஒரு சொல்லை எடுத்துக்கொண்டே இவ்வுண்மையைத் தெளியலாம்.

அசைவற்ற நீரில் ஒரு துளி மையை இட்டால், எவரும் கலக்காமலே அம்மை நீர் முழுதும் கலந்து நிறைகின்றது. செறிவு மிக்க இடத்திலிருந்து செறிவு குறைந்த இடம் நோக்கி நுண்கூறுகள் தாமே சென்று கலக்கும் இந்நிகழ்ச்சியை ஒரு நூல் பரவல் என்கின்றது. மற்றொரு நூல் விரவல் என்கின்றது. அதன் அளவைக் குறிக்குங்கால் பரவல் வேகம், பரவல் விகிதம், விரவல் வீதம் என மூன்று பெயர்கள் வந்து மோதுகின்றன. இவை மூன்று பொருள்களோ, ஒரே பொருளோ என்று மாணாக்கன் மயங்குகின்றான். அவனுக்கு விளக்கப் புகும் ஆசிரியரும் அலுத்து ஆங்கிலச் சொல்லையே கூறிக் கடந்துவிடுகின்றார். தமிழ்வழிக் கல்விக்குப் புறப்பகை மட்டுமன்று, இத்தகைய அகப்பகையும் உண்டு.

முதற்கண் நிகழ்ச்சியின் பெயரைக் காண்போர் இதனை எண்ணுதல் வேண்டும். பரவுதல் என்பது ஒன்று தன் எல்லையை விரித்துக்கொண்டே செல்லுதல். தீ பரவும், செய்தி பரவும், நோய் பரவும். 2020-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் 'நோய்ப் பரவல்' என்னுஞ் சொல் ஊரெங்கும் வழங்கிற்று. விரவுதல் என்பதோ ஒன்று மற்றொன்றனுள் உட்புகுந்து கலத்தல். உயர்திணைக்கும் அஃறிணைக்கும் பொதுவாய் நிற்கும் பெயரை விரவுப்பெயர் எனத் தமிழிலக்கணம் வழங்குதல் நோக்குக. ஆங்கிலர் இலத்தீனிலிருந்து பெற்ற சொல்லோ, பிரித்து ஊற்றுதல் என்னும் வேர்ப்பொருளை உடையது. நுண்கூறுகளை எவரும் ஊற்றுவதில்லை. அவை தம் இடையறா அசைவினாலேயே விரவுகின்றன. ஆகவே, இவ்விடத்தில் தமிழ்ச்சொல் இலத்தீன் சொல்லினும் உண்மைக்கு அணித்தாக நிற்கின்றது.

இனி, அளவின் பெயர். வேகம் என்பது வடசொல் என்று விலக்கிவிட்டு, விரைவு என்று எழுதினால் குறை தீர்ந்தது என்று சிலர் கருதுவர். அங்ஙனம் தீராது. விரவலுக்கு நிலைத்த விரைவு என ஒன்றில்லை. உயிர்வளி அசைவற்ற நீரில் ஒரு மில்லிமீட்டரின் நூற்றில் ஒரு பங்கு தொலைவு விரவ, ஏறத்தாழ ஒரு நொடியின் நாற்பதில் ஒரு பங்கு போதும். ஒரு மில்லிமீட்டர் விரவ ஏறத்தாழ 4 மணித்துளி வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விரவ ஏறத்தாழ 7 மணிநேரம் வேண்டும். 10 சென்டிமீட்டருக்கோ ஏறத்தாழ ஒரு திங்கள் ஆகும். தொலைவு பத்து மடங்கானால் நேரம் நூறு மடங்காகின்றது. பேருடல் உயிர்களுக்கு நெஞ்சாங்குலையும் குருதிக் குழாய்களும் வேண்டியிருத்தல் இதனாலன்றோ? 'பரவல் வேகம்' என்று படித்த மாணாக்கன், வண்டி ஓடுதல்போல் உயிர்வளியும் ஒரே சீராக ஓடும் என்றே எண்ணுவான். அவன் பிழைக்கு அவனா பொறுப்பு?

விகிதம் என்பதும் பொருந்தாது. அது வடசொல் என்பதோடு, ஓரினமான இரண்டு அளவுகளை ஒப்பிடும் தகவையே குறிப்பது. இங்கு வேண்டுவது, ஒரு குறித்த பரப்பின் ஊடே ஒரு நொடியில் எத்துணை அளவு பொருள் கடக்கின்றது என்பது. 'ஆளுக்கு இரண்டு வீதம் கொடு' என்று நாட்டுப்புறத்தார் கூறுவரே, அவ்வழக்கில் இக்கருத்து முன்னரே அமைந்துள்ளது. ஒன்றுக்கு இத்துணை என்பதே வீதம். நொடிக்கு இத்துணை என்பதே விரவல் வீதம்.

வளிகளின் விரவல் வீதம் அவற்றின் அடர்த்தியின் இருமடி மூலத்திற்கு எதிர்த்தகவில் அமையும் என்று தாமசு கிரகாம் 1833-இல் நிறுவினார். உயிர்வளி நீரகவளியினும் 16 மடங்கு அடர்ந்தது. ஆதலின் நீரகவளி 4 மடங்கு மிகுந்த வீதத்தில் விரவும். 1855-இல் அடால்ஃபு ஃபிக்கு என்னும் செருமானிய உடலியலறிஞர், இவ்வீதம் செறிவுச் சாய்வைப் பொறுத்தது என்று காட்டினார். அச்சாய்வோடு பெருக்கும் எண்ணைக் குணகம் என வேண்டுவதில்லை. விரவற் கெழு எனலாம். வீதம் வேறு, கெழு வேறு. சாய்வு மாறினால் வீதம் மாறும்; கெழு, பொருளையும் ஊடகத்தையும் வெப்பநிலையையும் ஒட்டியது. இவ்விரண்டையும் ஒரு சொல்லால் கூறுதல் விலையையும் எடையையும் ஒன்றெனக் கூறுதலை ஒக்கும்.

1916-ஆம் ஆண்டில் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையை மேற்கொண்டார். அவ்வாண்டிலேயே சேலத்தில் அறிவியற் கலைச்சொல்லாக்கத்திற்கென ஒரு கழகமும் எழுந்தது. தூய்மையும் அறிவியலும் ஒரே ஆண்டில் இருவேறு கரைகளில் தொடங்கின. அவ்விரண்டையும் இணைக்கும் பணி இன்றும் முடியவில்லை. சவ்வூடு பரவல் என்று தமிழகம் கற்பிப்பதனை ஈழத்து நூல்கள் பிரசாரணம் என்கின்றன. ஓரினத்துப் பிள்ளைகள் ஒரே உண்மையை இருவேறு பெயரால் கற்று, ஒருவர் நூலை ஒருவர் படிக்க இயலாது நிற்றல் எத்துணைக் கேடு!

தூய சொல் வேண்டும். அது பொருளுக்கு ஏற்ற சொல்லாகவும் இருத்தல் வேண்டும். தூய்மை மட்டும் உடைய பிழைச்சொல், பகைவர் எள்ளி நகுவதற்கே இடந்தரும். ஆகவே, தமிழாசிரியரும் அறிவியலாசிரியரும் ஒருங்கமர்ந்து ஒவ்வொரு சொல்லையும் எடையிட்டு ஏற்பாராக! விரவல், விரவல் வீதம், விரவற் கெழு என்னும் மூன்றையும் வகுப்பறையில் இன்றே வழங்கத் தொடங்குவாராக! ஆணைக்கும் அரசிற்கும் காத்திராது, கற்பிப்பார் நாவிலேயே கலைச்சொல் வாழத் தொடங்குகின்றது.